கப்பலேறி வந்த செங்குவாங்



சரித்திரம் என்றால் ராஜாக்களும் யுத்தங்களும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டு அடுப்படியிலேயே ஒரு சரித்திரம் கிடக்கிறது. சந்தையிலே மண் ஒட்டிய பழுப்புத் தோலோடு, பம்பரம் மாதிரி குவித்து வைத்திருப்பார்களே, செங்குவாங்! அதைத்தான் சொல்கிறேன். சிங்கப்பூர்க்காரர்கள் பங்குவாங் என்பார்கள்.

"அட, இது நம்ம ஊர்க் கிழங்குதானே!" என்பீர்கள். இல்லை. இதன் தாய்நாடு மெக்சிகோவும் அதை ஒட்டிய மத்திய அமெரிக்காவும். அங்கே இதற்கு ஹீக்கமா என்று பெயர். ஸ்பானியர்கள் மெக்சிகோவைப் பிடித்தார்கள். பிறகு பிலிப்பைன்சையும் பிடித்தார்கள். 1565 முதல் 1815 வரை, இருநூற்றைம்பது ஆண்டுகள், அக்காபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே அவர்களுடைய பாய்மரக் கப்பல்கள் ஓடின. மெக்சிகோ வெள்ளி இந்தப் பக்கம் வந்தது. சீனத்துப் பட்டும் பீங்கானும் அந்தப் பக்கம் போயின. அந்தக் கப்பல் வழியாகத்தான் நம் கிழங்கும் பிலிப்பைன்சுக்கு வந்து சேர்ந்தது. பெயரும் கூடவே வந்தது. ஹீக்கமா அங்கே சிங்கமாஸ் ஆயிற்று. காய்கறிகளின் பெயர்களை அடுக்கிப் பிலிப்பைன்ஸ் பிள்ளைகள் பாடும் 'பாஹாய் கூபோ' பாட்டிலே முதலில் வருவதே சிங்கமாஸ்தான். அங்கிருந்து தென்கிழக்காசியா முழுவதும் பரவிவிட்டது.

இப்போது ஒரு தட்டு ரோஜாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். செங்குவாங் மெக்சிகோவுடையது. மிளகாயும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். அன்னாசியும் நிலக்கடலையும் தென் அமெரிக்காவில் பிறந்தவை. ஐரோப்பியர் கப்பல் வருவதற்கு முன்னால் நம் முன்னோர்கள் மிளகாயைக் கண்டதே இல்லை; அவர்களுக்குக் காரம் என்றால் மிளகுதான்! பினாங்கில் நம் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள் விற்கும் பசெம்பூரிலும் செங்குவாங்கைச் சீவிப் போட்டு, மேலே காரக் குழம்பை ஊற்றித்தான் தருகிறார்கள்.

தோட்டத்து மக்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மை இங்கே கொண்டுவந்து சேர்த்த ரப்பர் மரமும் அமெரிக்காக் கண்டத்துப் பிரஜைதான். 1876-ல் பிரேசிலிலிருந்து விதை லண்டனுக்குப் போயிற்று. 1877-ல் அதன் கன்றுகள் 22 சிங்கப்பூருக்கு வந்தன. ரப்பருக்கு நாள், எண்ணிக்கை எல்லாம் எழுதி வைத்தார்கள். ஏழை தின்னும் கிழங்கை முதலில் நட்டவன் யாரென்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

சரி, பச்சையாகச் சாப்பிடுவது எப்படி? பெரிசாக இருக்கிறதே என்று வாங்காதீர்கள். முற்றியது நாராக இருக்கும். நடுத்தரமாய், தோல் சுருங்காமல், கையில் கனமாக இருப்பதைப் பாருங்கள். தலைப்பக்கம் கத்தியால் கீறி இழுத்தால் தோல் பட்டை பட்டையாக உரிந்து வரும். அதன் கீழே உள்ள நார்ப் படலத்தையும் எடுத்துவிட வேண்டும். இதைச் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டுத்தான் பலர் "சப்பென்று இருக்கு, கடிக்க முடியலே" என்கிறார்கள். பிறகு கழுவி, விரல் பருமனுக்கு நறுக்கி, எலுமிச்சைச் சாறு, உப்பு, கொஞ்சம் மிளகாய்த்தூள் தூவுங்கள். மெக்சிகோவிலும் இப்படியேதான் தின்கிறார்கள்! கிழங்கிலே பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வெயிலில் வேலை செய்து வருகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? நறுக்காத கிழங்கை ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள், குளிரில் கெட்டுவிடும். ஈரம் படாத நிழல் போதும்.

வீட்டுக் கொல்லையில் போட்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டும். இது அவரைக் குடும்பத்துக் கொடி. ஊதாப் பூ பூத்து, அவரை போலவே காய்க்கும். ஆனால் முற்றிய காயிலும் விதையிலும் இலையிலும் விஷம் உண்டு. தூபா வேரை நசுக்கி ஆற்றில் விட்டு மீன் பிடித்தார்களே, அந்த வேரில் உள்ள ரோட்டினோன் என்ற அதே விஷம்தான் இந்த விதையிலும் இருக்கிறது. பயறு என்று நினைத்து யாரும் வேகவைத்துவிடப் போகிறார்கள்! பிள்ளைகளே, மண்ணுக்குக் கீழே இருப்பது மட்டும்தான் உங்களுக்கு. விதைக்கென்று காயை விட்டிருந்தால், அது காய்ந்ததும் பெரியவர்கள் பறித்துத் தனி டின்னில் போட்டு, எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.