ஃபுகுஷிமாவைக் குளிர்வித்தவர்கள் யார்?

2011 மார்ச் 11. ஜப்பானில் 9.0 அளவு நிலநடுக்கம். ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தானாகவே நின்றன. ஆனால் நின்ற உலையிலும் வெப்பம் அடங்காது. தொடர்ந்து தண்ணீர் பாய வேண்டும். சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. மின்சாரம் இல்லை, எரிபொருள் உருகியது. தீயணைப்பு வண்டிகளால் கடல்நீரைச் செலுத்தினார்கள்.

இந்த வேலையில் இறங்கியவர்கள் யார்? விபத்துக்கு முந்தைய நிதியாண்டிலேயே அங்கு வேலை பார்த்த 10,303 பேரில் 89 விழுக்காட்டினர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். விபத்துக்குப் பின் அரசு அவசரகாலக் கதிர்வீச்சு வரம்பை 100 மில்லிசீவர்ட்டிலிருந்து 250 ஆக உயர்த்தியது. மார்ச் 24 அன்று மின்கேபிள் பதிக்கப் போய்க் கதிரியக்க நீரில் நின்ற மூவரும் ஒப்பந்த நிறுவன ஆட்களே.

டிசம்பர் 16 அன்று, உலைகள் குளிர்ந்து நிலைபெற்றுவிட்டன என்றார் பிரதமர் நோடா. அதே மாதம் ஒரு துணை ஒப்பந்த நிறுவனம், கதிர்வீச்சை அளக்கும் டோசிமீட்டரை ஈயத் தகட்டால் மூடிக்கொண்டு வேலை செய்யும்படி தன் ஆட்களிடம் சொன்னது. 2012இல்தான் இது வெளியே வந்தது. வரம்பைத் தொட்டால் அங்கே வேலை இல்லை. அதனால் அளவையே மறைத்தார்கள்.

தோழர்களே, பேரிடர் வரலாற்றைப் படிக்கும்போது ஒப்பந்தச் சங்கிலியின் கடைசியில் நின்றவர் யார் என்று கேளுங்கள்.