அந்தி வானில் எழுந்த செம்மேகம்

மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட பொழுதை நம் முன்னோர் வானத்தைப் பார்த்தே அறிந்தனர். கதிரவன் மறைந்த பின்னும் மேல்வானில் தங்கி நிற்கும் ஒளிக்கு அரபியில் 'ஷஃபக்' என்று பெயர். அதன் செம்மை மறைந்தால் இஷா நுழைந்துவிட்டது என்பர் ஷாஃபி மத்ஹபினர். பின் தொடரும் வெண்மையும் மறைய வேண்டும் என்றார் இமாம் அபூஹனீஃபா. தொழுகைக்காகக் கூர்ந்து நோக்கப்பட்ட இந்த ஒளி, வானியலாருக்கு ஓர் அளவுகோலாகவும் ஆயிற்று.

11ஆம் நூற்றாண்டில் அந்தலுஸ் நாட்டின் ஜயான் நகரைச் சேர்ந்த இப்னு முஆத், அந்தியொளியைப் பற்றி ஒரு சிறு நூல் யாத்தார். கதிரவன் அடிவானுக்குக் கீழே 19 பாகை இருக்கும்போது ஒளியின் எல்லை அமைகிறது என்று கொண்டு, பூமியின் சுற்றளவையும் சேர்த்துக் கணக்கிட்டு, அவ்வொளியைத் திருப்பி அனுப்பும் காற்றுமண்டலத்தின் உயரம் ஏறத்தாழ 52 மைல் என்றார். இலத்தீனில் பெயர்க்கப்பட்ட அந்நூலை ஐரோப்பியர் நெடுங்காலம் இப்னுல் ஹைதமுடையது என்றே எண்ணிவந்தனர். 1967இல்தான் பேராசிரியர் ஸப்ரா உண்மை ஆசிரியரை எடுத்துக்காட்டினார். எழுதியவருக்கு உரிய பெயர் கிடைக்க ஒன்பது நூற்றாண்டுகள் ஆயின!

அந்த 52 மைலுக்கும் மேலே காற்று எத்திசையில், எவ்வளவு விரைவாக வீசுகிறது? பலூன்கள் அவ்வளவு உயரம் எட்டா. விடை காண மீண்டும் அந்திப்பொழுதையே நாட வேண்டியதாயிற்று.

1963 நவம்பர் 21. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவக் கிராமம். பூமியின் காந்த நடுக்கோடு அருகே செல்வதால் டாக்டர் விக்ரம் சாராபாய் அவ்விடத்தைத் தேர்ந்தார். அங்கிருந்த மகதலேனா மரியாள் தேவாலயத்தை விட்டுக்கொடுக்க ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவும் ஊர் மக்களும் இசைந்தனர். வணங்கிய இடத்தையும் வாழ்ந்த இடத்தையும் ஒருங்கே கொடுத்த அந்த எளிய மக்களை நம் வரலாற்று நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன என்பது நம் குறை. அந்தத் தேவாலயத்துக்குள்தான் நைக்-அப்பாச்சி என்னும் அமெரிக்க ராக்கெட் பொருத்தப்பட்டது. அதன் முனையில் வைக்கப்பட்ட சோடியக் கலம் பிரான்சு தந்தது.

ராக்கெட்டை ஒருங்கிணைப்பதும் பாதுகாப்பும் இராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாமின் பொறுப்பு. ஏவுமேடையில் ஏற்றும் வேளையில் பாரந்தூக்கியின் எண்ணெய்க் குழாய் கசிந்து, பொறி செயலற்றது. பழுது பார்க்கக் காலமில்லை. மாலை ஆறு மணி நெருங்கிக்கொண்டிருந்தது; அந்தியோ எவருக்காகவும் காத்திராது. கூடியிருந்தோர் தோள் கொடுத்துத் தூக்கினர். 6.25க்கு ராக்கெட் எழுந்தது.

ஏன் அந்த அவசரம்? பகலாயின் வானத்தின் வெளிச்சத்தில் சோடிய ஆவி தென்படாது. நள்ளிரவாயின் அதன் மேல் வெயில் படாது. நிலம் இருளில் ஆழ்ந்தும், நூறு, இருநூறு கிலோமீட்டர் உயரத்தில் கதிரவன் இன்னும் மறையாமலும் இருக்கும் சிறு இடைவேளையில் மட்டுமே அந்த ஆவி பொன்மஞ்சளாய்ச் சுடர்விடும். மேற்காற்று அந்தக் கோட்டை வளைக்கும், நெளிக்கும். ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள இடங்களிலிருந்து விண்மீன்களின் பின்னணியில் படமெடுத்து ஒப்பிட்டால், உயரத்துக்கு உயரம் காற்றின் வேகம் தெரியவரும்.

அன்று கேரளத்திலும் தென் தமிழகத்திலும் தெருவில் நின்றோர் அண்ணாந்து பார்த்தனர். ஓசையில்லை, வானில் செம்மஞ்சள் மேகம் ஒன்று விரிந்து நெளிந்து கரைந்தது. அப்போது சிறுவராயிருந்த வாசகர் சிலருக்கு அது இன்னும் நினைவிருக்கலாம். மறுநாள் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டு இறந்தார். உலகின் கவனம் அங்கே திரும்பிற்று.

அதே ஆண்டு அமெரிக்காவின் வாலப்ஸ் ஏவுதளத்தில் பயிற்சி பெற்றபோது, அங்கே மாட்டியிருந்த போர்க்கள ஓவியமொன்றில் திப்பு சுல்தானின் படையினர் ராக்கெட் ஏவுவதைக் கண்டதாகக் கலாம் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஆங்கிலேயர் மீது பாய்ந்தவை மைசூர்ப் படையின் அந்த வாணங்களே. பகைவரைச் சிதறடிக்கப் பிறந்த கருவி காற்றை அளக்கவும் வந்தது. ஆயினும் பழைய தொழிலை அது விட்டுவிடவில்லை. பிற்காலத்தில் அக்கினி ஏவுகணையை உருவாக்கிய பணிக்கும் கலாமே தலைமை தாங்கினார்.

2022 டிசம்பர் 15 அன்று மாலை, மேற்கு வங்கத்திலும் ஒடிசாவிலும் வானில் ஒரு விந்தை ஒளி தோன்றிற்று. வால்மீனோ, வேற்றுலக ஊர்தியோ என மக்கள் திகைத்தனர். கீழே இருள், மேலே வெயில் என்னும் பழைய நியதிதான் அதையும் காட்டிற்று. அது அக்கினி-5 ஏவுகணை சென்ற தடம். ஒடிசாக் கரையோரத்தில் அது கிளம்பிய தீவுக்கு, 2015 முதல் அப்துல் கலாம் தீவு என்று பெயர்.