ஷிக்கமோ

ஸ்வாஹிலியில் இளையவர் மூத்தவரைக் கண்டதும் சொல்ல வேண்டிய வந்தனம் ‘ஷிக்கமோ’. மூத்தவர் ‘மரஹபா’ என்பார். டான்ஸானியாவில் இதைச் சொல்லாத குழந்தை வளர்ப்புச் சரியில்லாத குழந்தை. ‘ஷிக்கா’ என்றால் பிடி. ‘மோ’ காலைக் குறித்த பழைய கடற்கரை வழக்கு. உங்கள் காலைப் பிடிக்கிறேன் என்று அர்த்தம். இன்று காலுக்கு வார்த்தை ‘ம்கூ’. ஆகவே சொல்கிறவன் காதில் கால் விழுவதில்லை.

யாருடைய கால் என்பதுதான் விஷயம். 19ஆம் நூற்றாண்டில் ஸான்ஸிபாரின் கிராம்புத் தோட்டங்கள் அடிமைகளின் உழைப்பில் நடந்தன. தாழ்ந்தவன் உயர்ந்தவனுக்குச் செலுத்திய வந்தனமாக இருந்த இதையே அடிமை எஜமானனுக்கும் சொன்னான். அடிமைக்கு ஸ்வாஹிலியில் ‘ம்தும்வா’, ஏவப்பட்டவன். இறைத்தூதரைக் குறிக்கும் ‘ம்துமே’யும் ‘அனுப்பு’ என்ற அதே வினையில் பிறந்ததுதான். மொழிக்கு இம்மாதிரி சமாச்சாரங்களில் கூச்சமே கிடையாது.

ஸான்ஸிபாரில் அடிமைமுறை 1897இல் சட்ட அந்தஸ்தை இழந்தது, டாங்கனிக்காவில் 1922இல். வார்த்தை மட்டும் தங்கிவிட்டது. 1967 அருஷா பிரகடனத்துக்குப் பிந்திய நியரேரேயின் ஸோஷலிஸம் எஜமானத் தொனியுள்ள ‘ப்வானா’வை ஒதுக்கி, உறவினரை, கூடப் பிறந்தவரைக் குறிக்கும் ‘ந்துகு’வை மேடையேற்றியது. ஷிக்கமோவுக்கு அந்தக் கதி நேரவில்லை. அடிமைத்தனத்தின் மிச்சம் இது என்று சிலர் வாதிடுகிறார்கள். தூய ஆப்பிரிக்கப் பண்பாடு என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே எனக்குச் சோம்பேறித்தனமாகப் படுகின்றன. வார்த்தை அப்படியே இருக்க, அது வணங்கும் திசை மாறியிருக்கிறது. வீட்டு வேலைக்காரரானாலும் வயதில் மூத்தவருக்கு இளையவர் சொல்வதே முறை. வயது எல்லோருக்கும் வருகிறது. இன்று ஷிக்கமோ சொல்கிறவன் நாளை அதைக் கேட்பான். அடிமைக்கு எஜமானனிடமிருந்து அந்த முறை வந்திருக்கவே முடியாது. பதவிக்காகவும் சிலரிடம் இதைச் சொல்கிறார்கள் என்பது உண்மை. அங்கே பழைய வாடை அடிக்கத்தான் செய்கிறது.

வேர் தேடுகிறவர்கள் ஷிக்கமோவையே துருவுகிறார்கள். என் சந்தேகமெல்லாம் பதிலின் மேல். ‘மரஹபா’ அரபியிலிருந்து வந்தது. அதன் வேரில் இருப்பது விசாலம்: வருகிறவனுக்கு இங்கே இடமுண்டு என்கிற வரவேற்பு. அரபியில் அதை யாரும் யாருக்கும் சொல்லலாம். ஸ்வாஹிலியிலோ, ஷிக்கமோவுக்கு ஈடாக அதைச் சொல்ல மூத்தவருக்கு மட்டும்தான் வாய் உண்டு.