மதகிலிருந்து வால்வு வரை: பெங்களூரில் நீரைத் திறக்கும் உரிமை யாருடையது?

வீட்டுக் குழாய் உடைந்து நீர் பீறிடும்போது எழும் கேள்வி எளியது: நாமே சரிசெய்யலாமா, ஆளை அழைக்க வேண்டுமா? இது அவரவர் திறமையைப் பற்றிய கேள்வியாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் எந்த வேலை வீட்டாருடையது, எது தொழில் தெரிந்தவருடையது, எதில் மனிதக் கையே படக்கூடாது என்பவற்றைத் தீர்மானித்ததில் வரலாற்றுக்குப் பெரும் பங்குண்டு. பெங்களூரில் கடந்த 130 ஆண்டுகளில் இத்தகைய மூன்று எல்லைக்கோடுகள் உருவாகியுள்ளன. முதலாவதைச் சட்டம் வரைந்தது. இரண்டாவதைக் குழாய் செய்யப்படும் பொருள் வரைந்தது. மூன்றாவதைச் சாதி வரைந்தது.

குழாய்கள் வருவதற்கு முன் பெங்களூர் ஏரிகளின் ஊர். தர்மாம்புதி, சம்பங்கி, அல்சூர் ஆகிய ஏரிகளும் கிணறுகளுமே பேட்டைக்கும் தண்டுப்பகுதிக்கும் நீர் தந்தன. சுற்றியிருந்த சிற்றூர்களின் பாசன ஏரிகளில் மதகைத் திறக்கும் உரிமை எல்லோருக்கும் இருக்கவில்லை. அதற்கென ‘நீர்கண்டி’ என்ற ஊர்ப்பணியாளர் இருந்தார். பல ஊர்களில் அவர் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர். தமிழகத்தில் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்றெல்லாம் வழங்கப்பட்டவர் செய்த பணியும் இதுவே. மதகைக் கன்னடத்தில் ‘தூபு’ என்பர். தமிழின் ‘தூம்பு’ இதற்கு இனமான சொல். தமிழின் ‘குழாய்’, கன்னடத்தின் ‘கொளவெ’ ஆகியவையும் அவ்வாறே ஒரே வேரின. நீரைத் திறந்து மூடுவது பொறுப்புள்ள ஒருவரின் வேலை என்ற எண்ணம் இப்பகுதிக்குப் புதியதன்று. அப்பொறுப்பைச் சுமந்தவருக்கு அதற்குரிய மதிப்பு கிடைக்கவில்லை என்பதும் பழையதே.

1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் ஏரிகளை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை வெளிப்படுத்தியது. தண்டுப்பகுதியின் தேவைக்காக 1882இல் சாங்கி ஏரி அமைக்கப்பட்டது. 1883 முதல் 1901 வரை மைசூர் திவானாக இருந்த கே. சேஷாத்ரி ஐயரின் காலத்தில், நகரிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில், அர்க்காவதி ஆற்றின் குறுக்கே ஹெசரகட்டா நீர்த்தேக்கம் உருவானது. 1890களின் நடுவில் அங்கிருந்து நீராவி எந்திரங்களின் உதவியால் குழாய்வழி நீர் நகருக்கு வந்தது. 1898இன் கொள்ளைநோய் நகரைச் சிதைத்தபோது, தூய்மை, வடிகால், புதிய குடியிருப்புகள் ஆகியவை ஆட்சியின் முதன்மைக் கவலைகளாயின.

கிணறு இருந்த வீட்டில் ராட்டினம், கயிறு, வாளி ஆகியவை கண்முன் இருந்தன. பழுதும் கண்ணுக்குத் தெரிந்தது. குழாய் வந்ததும் நீரின் பாதை மண்ணுக்குள்ளும் சுவருக்குள்ளும் மறைந்தது. வீட்டார் பெற்ற வசதிக்கு ஈடாக இழந்தது, தம் வீட்டு நீர் எவ்வழியே வருகிறது என்ற அறிவு. அந்த இழப்பிலிருந்தே குழாய்ப்பணியாளர் என்பவரின் தேவை பிறக்கிறது.

முதல் எல்லைக்கோடு தெருவுக்கும் வீட்டுக்கும் இடையே விழுந்தது. 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் வந்தது. 1949இல் பேட்டையும் தண்டும் ஒரே மாநகராட்சியின்கீழ் இணைந்தன. 1964இல் பெங்களூர்க் குடிநீர் வழங்கல் கழிவுநீரகற்று வாரியம் சட்டத்தின் வழியே நிறுவப்பட்டது. 1974இல் காவிரித் திட்டத்தின் முதற்கட்ட நீர் சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து, ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் உயரம் ஏற்றப்பட்டு நகரை அடைந்தது. இவ்வளவு உழைப்பில் வரும் நீரின் முதன்மைக் குழாயில் எவரும் கைவைக்கலாகாது என்பது வாரியத்தின் விதி. புதிய இணைப்புக்கு உரிமம் பெற்ற பணியாளர் வேண்டும்.

இவ்விதியின் பின்னால் வருவாய்க் கணக்கு மட்டும் இருப்பதாக எண்ணுவது பிழை. பெங்களூரில் நீர் இடைவிட்டே வருகிறது. வழங்கல் நின்றதும் குழாயின் உள்ளழுத்தம் குறைகிறது. விரிசல் இருப்பின் அருகிலுள்ள சாக்கடைக் கசிவு உள்ளே இழுக்கப்படுகிறது. ஆகவே தெருப்பக்கக் கசிவையும், குழாய்நீரில் திடீரென எழும் நாற்றத்தையும் வீட்டுப் பழுதாகக் கருதக்கூடாது. அவை பொதுச்சுகாதாரச் செய்திகள். அந்த நீரைக் குடிப்பதை நிறுத்திவிட்டு, வாரியத்தின் 1916 என்ற எண்ணுக்குத் தெரிவிப்பதே முறை.

இடைவிட்ட வழங்கல் வீட்டின் அமைப்பையும் மாற்றியது. நிலத்தடியில் சம்ப்பு, மாடியில் மேல்நிலைத் தொட்டி, இடையில் மோட்டார் என்பது இந்நகர வீட்டின் பொது இலக்கணம். இதன் விளைவு ஒன்று கவனிக்கத்தக்கது. நேரடி வழங்கல் உள்ள நாடுகளின் கையேடுகள், குழாய் வெடித்தால் தெருமுனை வால்வை மூடச் சொல்கின்றன. பெங்களூர் வீட்டில் அழுத்தம் தருவது மாடித் தொட்டி. எனவே மூடவேண்டிய வால்வும் மாடியிலேயே, தொட்டியிலிருந்து நீர் இறங்கும் குழாயில் இருக்கிறது. மோட்டாரை நிறுத்துதல், அந்த வால்வை மூடுதல், நீர் மின்பொருத்திகளை எட்டுமாயின் உலர்ந்த இடத்தில் நின்று மின்சாரத்தின் தலைமை இணைப்பைத் துண்டித்தல், கீசரை அணைத்தல் ஆகியவை எந்தப் பணியாளரும் வந்துசேர்வதற்கு முந்தைய நிமிடங்களின் கடமைகள். தலைமை இணைப்பை அடைய நீரில் நடக்க வேண்டியிருந்தால் அதை நெருங்காமல் மின்வாரியத்தை அழைப்பதே பாதுகாப்பு. எந்த வால்வு எந்த அறைக்கு என்பதை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் முன்பே அறிந்திருப்பது, நீர்கண்டியின் அறிவில் ஒரு சிறு பகுதியை மீட்பதற்கு ஒப்பாகும். பல ஆண்டுகள் திருகப்படாத வால்வு அவசரத்தில் அசையாது. ஆண்டுக்கு இருமுறையேனும் திறந்து மூடிப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது எல்லைக்கோட்டைப் பொருள் வரைந்தது. ‘பிளம்பர்’ என்ற ஆங்கிலச் சொல் ஈயத்தைக் குறிக்கும் ‘பிளம்பம்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஈயத்தை உருக்கி இணைக்கத் தெரிந்தவரே பிளம்பர். லண்டனில் அவர்களின் கைவினைக் குழு 1611இல் அரச பட்டயம் பெற்றது. இந்தியாவில் நெடுங்காலம் கோலோச்சிய துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்க்கு மரை வெட்டவும், சணல் சுற்றி இறுக்கவும், பெரிய குறடுகளைக் கையாளவும் பயிற்சி வேண்டியிருந்தது. பிவிசி, சிபிவிசி குழாய்கள் பரவியபின் அறுக்கவும் ஒட்டவும் தெரிந்தால் போதும் என்ற நிலை தோன்றியது. முன்பு கைவினைஞருக்கே உரியதாயிருந்த பல வேலைகள் வீட்டாரின் கைக்கு வந்தன.

ஆனால் எளிதாகத் தோன்றுவதெல்லாம் எளிதன்று. சொட்டும் குழாயின் வாஷரை மாற்றுவது, மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவது, தொட்டியின் மிதவை வால்வை மாற்றுவது ஆகியவற்றை வீட்டாரே செய்யலாம். வெளியே தெரியும் விரிசலில் எம்-சீல் வைப்பது தற்காலிக உதவியே. சுவருக்குள் ஓடும் குழாயின் கசிவு, கூரையில் பரவும் ஈரம், கீசரின் பாதுகாப்பு வால்வில் பழுது, சரிசெய்த பின்னும் திரும்ப வரும் ஒழுக்கு ஆகியவை பயிற்சி பெற்றவரை அழைப்பதற்கான அறிகுறிகள். மறைந்த கசிவைக் கண்டறிய ஓர் எளிய வழியும் உண்டு. வழங்கல் இல்லாத இரவில் மோட்டாரை நிறுத்திச் சம்ப்பின் நீர்மட்டத்தைக் குறித்துவைக்க வேண்டும். விடியலில் மட்டம் இறங்கியிருந்தால் சம்ப்பிலோ அதன் இணைப்புகளிலோ கசிவு இருக்கலாம்.

2024 மார்ச் மாத நீர்த்தட்டுப்பாட்டின்போது, வணிக வளாகங்கள், அடுக்ககங்கள் போன்றவற்றின் குழாய்களில் நீர்ப்பீய்ச்சலைக் குறைக்கும் ஏரேட்டர்களைப் பொருத்த வாரியம் ஆணையிட்டது. குடிநீரால் வாகனம் கழுவுவோருக்கு 5,000 ரூபாய் தண்டம் என்றும் அறிவித்தது. தெருவோடு நின்றிருந்த அதிகாரம் குழாயின் வாய்வரை வந்த தருணம் அது. ஒரு வாஷரின் தேய்மானமும் நகரின் கணக்கில் சேரும் என்பது அப்போது வெளிப்படையாயிற்று.

மூன்றாவது எல்லைக்கோடு கழிவுநீருடையது. இங்கேயும் வீட்டாரின் பங்கு தெளிவானது. 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை பெற்ற வளைகுழாயின் நீரடைப்பே சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. கைகழுவும் தொட்டியின் கீழுள்ள வளைவைக் கழற்றிச் சுத்தம் செய்வதும், ரப்பர் உறிஞ்சியால் அடைப்பை நீக்குவதும் எவரும் செய்யத்தக்கவை. ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஒரே நேரத்தில் கழிவுநீர் எதிர்த்து ஏறினால், அடைப்பு பொதுக்குழாயில் இருப்பதாகவே கொள்ள வேண்டும். வீட்டாரின் கை அங்கே நின்றுவிட வேண்டும்.

அடுத்து யாரை அழைப்பது என்பதில்தான் இந்நகரின் கறை படிந்துள்ளது. 2017 மார்ச்சில் சி. வி. ராமன் நகர்ப் பகுதியில் ஆள்நுழைகுழி ஒன்றில் மூவர் இறந்தனர். 2018 ஜனவரியில் எச். எஸ். ஆர். லேஅவுட் அருகே அடுக்ககம் ஒன்றின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டியில் மேலும் மூவர் இறந்தனர். இத்தகைய குழிகளில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. சிறிதளவில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அளவு மிகுந்தால் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குபவரும், விழுந்தவரைத் தூக்கத் தொடர்ந்து இறங்குபவரும் ஒன்றாக மடிவது இதனால்தான்.

மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் முதல் மையச் சட்டம் 1993இல் வந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடுகளின்றிச் சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் ஆளை இறக்குவதைத் தடைசெய்தது. முதல் முறை மீறினாலே 2 ஆண்டுவரை சிறை, அல்லது 2 இலட்சம் ரூபாய்வரை தண்டம், அல்லது இரண்டும் உண்டு. இத்தடை உள்ளாட்சிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் மட்டுமன்றித் தனிநபர்களுக்கும் பொருந்தும். சாக்கடை மரணங்களுக்கு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014இல் கூறிய உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 இலட்சமாக உயர்த்தியது.

முதலிரண்டு எல்லைகளில் ‘தொழில் தெரிந்தவர்’ என்றால் உரிமம், பயிற்சி, கருவி ஆகியவற்றைச் சமூகம் எதிர்பார்க்கிறது. மூன்றாவதில் மட்டும் நெடுங்காலமாகப் பிறப்பு ஒன்றே தகுதியாகக் கொள்ளப்பட்டது. மலத்தொட்டியில் இறங்க ஒப்புக்கொள்பவரை வல்லுநர் என்று அழைப்பது, மறுக்க வழியில்லாத ஒருவரின் நிலையைத் திறமையாக மாற்றிச் சொல்வதாகும். மறுக்கும் உரிமையும் தொழில்தகுதியின் ஒரு கூறே.

ஆகவே தொட்டி நிரம்பிய நாளில் குடியிருப்போர் சங்கம் கேட்க வேண்டியது, எவ்வளவு கூலி என்பதற்கு முன்னால், உறிஞ்சும் எந்திரம் வருகிறதா என்பதையே. ஆள் இறங்கிச் செய்வார் என்று பதில் வந்தால், அந்த அழைப்பை அங்கேயே துண்டித்துவிட்டு வாரியத்திடம் எந்திரம் கேட்க வேண்டும்.