பெக்ஸ்டைன் வௌவால்: பழங்காடுகளை நம்பி வாழும் அரிய உயிரினம்

லண்டனையும் பர்மிங்ஹாமையும் இணைக்கும் எச்.எஸ்.2 அதிவேக ரயில் பாதையில், பக்கிங்ஹாம்ஷயரின் ஷீப்ஹவுஸ் காட்டை ஒட்டிய பகுதிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளமான கூரை ஒன்று திட்டமிடப்பட்டது. ரயில்களில் வௌவால்கள் மோதி இறப்பதைத் தடுப்பதே அதன் நோக்கம். இதற்கு 10 கோடி பவுண்டுகளுக்கும் அதிகமாகச் செலவாகும் என்று திட்டத்தின் அப்போதைய தலைவர் சர் ஜான் தாம்சன் 2024 நவம்பரில் தெரிவித்ததை அடுத்து, பிரிட்டனில் பெரும் சர்ச்சை எழுந்தது.

அந்தச் சர்ச்சையின் மையத்தில் இருப்பது, சுமார் 10 கிராம் எடையே கொண்ட பெக்ஸ்டைன் வௌவால்.

காடே வீடு

ஜெர்மனியின் இயற்கை ஆய்வாளரும் வனவியல் அறிஞருமான யோஹான் பெக்ஸ்டைனின் பெயரைத் தாங்கிய இந்த இனம், 1817 ஆம் ஆண்டில் அறிவியல் ரீதியாக விவரிக்கப்பட்டது. ஐரோப்பாவின் பல நாடுகளிலும் காக்கசஸ் பகுதியிலும் இது காணப்படுகிறது. ஆனால் எங்கும் பரவலாக இல்லை. பிரிட்டனில் தென் இங்கிலாந்திலும் வேல்ஸின் தென்பகுதியிலும் மட்டுமே வாழ்கிறது.

நீண்ட காதுகளைக் கொண்ட இந்த வௌவால், இலைகளின் மேல் ஊர்ந்து செல்லும் பூச்சிகள் எழுப்பும் மெல்லிய ஓசையைக் கேட்டே அவற்றைப் பிடிக்கக் கூடியது. கோடையில் பெண் வௌவால்கள், முதிய ஓக் மரங்களில் மரங்கொத்திகள் குடைந்துவிட்டுச் சென்ற பொந்துகளில் கூட்டமாகத் தங்கிக் குட்டி ஈனுகின்றன. ஒரு பெண் வௌவால் ஆண்டுக்கு ஒரு குட்டி மட்டுமே ஈனும்.

ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகருக்கு அருகிலுள்ள காடுகளில் 1990களில் தொடங்கிய நீண்டகால ஆய்வு, இந்த இனத்தின் சமூக வாழ்வை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பெண் குட்டிகள் தாயின் கூட்டத்தை விட்டுப் பெரும்பாலும் பிரிவதில்லை. அக்கூட்டம் சில நாட்களுக்கு ஒருமுறை பொந்து மாறுவதால், அதற்கு ஒரு மரம் போதாது. அருகருகே பல முதிய மரங்கள் தேவை.

அரிதானது ஏன்?

இங்கிலாந்தின் நோர்ஃபோக் பகுதியில், கற்காலத் தீக்கல் சுரங்கங்களான கிரைம்ஸ் கிரேவ்ஸில் இந்த வௌவாலின் எலும்புகள் கிடைத்துள்ளன. இன்று அது வாழும் எல்லைக்கு வெளியே உள்ள இடம் அது. காடுகள் அடர்ந்திருந்த காலத்தில் இந்த இனம் பரவலாக வாழ்ந்தது என்பதற்கு இது சான்றாகக் கருதப்படுகிறது. விவசாயத்துக்காகக் காடுகள் அழிக்கப்பட, இதன் வாழிடமும் துண்டு துண்டாகிச் சுருங்கியது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அச்சுறுத்தலை நெருங்கும் இனமாக வகைப்படுத்தியுள்ளது.

இதன் குரல் மெலிதானது என்பதால் கண்டறிவதும் கடினம். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட, வௌவால் ஒலிகளை எழுப்பி அவற்றை ஈர்க்கும் கருவியின் துணையுடன், 2007 முதல் 2011 வரை தன்னார்வலர்கள் பிரிட்டனின் காடுகளில் தேடுதல் நடத்தினர்.

சட்டமும் செலவும்

1992 ஆம் ஆண்டின் ஐரோப்பிய வாழிட வழிகாட்டுச் சட்டம் இந்த இனத்துக்கு உயர்நிலைப் பாதுகாப்பை அளிக்கிறது. பிரிட்டனில் 1981 ஆம் ஆண்டின் வனவுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டமும் இதனைக் காக்கிறது.

அதிவேக ரயில்கள் வௌவால்களுக்குத் தீங்கு விளைவிப்பதற்கு ஆதாரம் இல்லை என்று தாம்சன் வாதிட்டார். இந்தக் கூரையைத் தாம் கோரவில்லை என்று இயற்கைப் பாதுகாப்பு ஆலோசனை அமைப்பான நேச்சுரல் இங்கிலண்ட் பதிலளித்தது. 2025 மார்ச்சில் அரசு நாடாளுமன்றத்தில் முன்வைத்த திட்டமிடல் சட்டமூலம், கட்டுமான நிறுவனங்கள் இயற்கை மீட்பு நிதி ஒன்றுக்குப் பணம் செலுத்தித் தமது கடமைகள் சிலவற்றை நிறைவேற்ற வழிவகுக்க முனைந்தது.

ஓரிடத்தின் இழப்பை வேறிடத்தில் செலவிடும் பணத்தால் ஈடுசெய்ய முடியுமா என்பதே இங்கு எழும் கேள்வி. பல உயிரினங்களின் விஷயத்தில் அது சாத்தியமாகலாம். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரே காட்டில் வாழ்ந்து, மிக மெதுவாகப் பெருகும் பெக்ஸ்டைன் வௌவாலுக்கு அது எளிதில் பொருந்தாது. இன்று நடப்படும் ஓக் கன்று, வௌவால்கள் தங்கக்கூடிய பொந்துகளைக் கொண்ட மரமாக முதிர்வதற்குப் பல தலைமுறைக் காலம் ஆகும். எஞ்சியிருக்கும் பழங்காடுகளைக் காப்பதும், அவற்றைப் புதர்வேலிகளாலும் மரவரிசைகளாலும் ஒன்றோடொன்று இணைப்பதுமே இந்த இனத்தின் எதிர்காலத்துக்கு அடிப்படையானவை.