குடும்பப் பிணைப்பற்றோர் தேவை

1942ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், இரண்டாவது உலக மகாயுத்தம் உக்கிரமடைந்திருந்த வேளையில், பிரித்தானியக் கடற்படையின் மரீன் படைப்பிரிவினரிடையே ஓர் அறிவித்தல் விடுக்கப்பட்டது. ஆபத்து நிறைந்த பணியொன்றுக்குத் தொண்டர் தேவை என்பதே அதன் சாரம். பணி யாது, இடம் யாது, திரும்பி வரும் வழி யாது என்பன கூறப்படவில்லை. விண்ணப்பிப்போருக்கு இருக்கவேண்டிய தகுதிகள் மட்டும் கூறப்பட்டன. பகைவனோடு பொருதும் ஆவல் வேண்டும். தன்னுயிரைப் பெரிதெனக் கருதாத மனம் வேண்டும். புத்திக்கூர்மையும் உடற் சுறுசுறுப்பும் நீந்தும் ஆற்றலும் வேண்டும். வலிய குடும்பப் பிணைப்பு இருத்தல் ஆகாது.

இறுதியாகக் கூறிய தகுதியே நம் சிந்தனையைத் தூண்டுவது. அரசுகள் தம் உத்தியோகத்துக்கு ஆள் திரட்டும்போது குடும்பப் பொறுப்புள்ளவனையே பெரும்பாலும் விரும்பும். அவன் சொற்கேட்டு நடப்பான் என்பது அதன் கணக்கு. இங்கோ கணக்கு மாறுகின்றது. இறந்தால் அழுவதற்கு அதிகம் பேர் இல்லாதவன் தேடப்படுகிறான். அவ்வளவு வெளிப்படையாக எழுதிய நேர்மையை ஒருவகையில் பாராட்டவேண்டும்.

இப்படையை அமைத்தவர் மேஜர் ஹாஸ்லர் என்னும் இருபத்தெட்டு வயது அதிகாரி. படகோட்டுவதிற் சிறுவயது முதலே தேர்ந்தவர். நாட்டுப்புறக் கடற்கரையில் விளையாட்டாக ஓட்டும் மடக்குத் தோணியைக் கொண்டு பகைவனின் துறைமுகத்துட் புகமுடியும் என்பது அவர் கொள்கை. தோணியின் மூலவடிவம், வடதுருவப் பனிக்கடலிற் கடல்நாய் வேட்டையாடிய எஸ்கிமோவர் என நம் பாடநூல்கள் அழைத்து வந்த இனுவிற் மக்களின் கண்டுபிடிப்பு என்பதையும் குறித்தல் வேண்டும். 1942 ஜூலையில், ஐரோப்பிய வல்லரசொன்றின் இரகசிய ஆயுதமாக அம்மக்களின் தோணி மாறிற்று.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் போட்ஸ்மவுத் நகரையடுத்த சவுத்சீயில் தங்கவைக்கப்பட்டனர். இராணுவக் கொட்டிலில் அன்று, கடற்கரை விடுதி வீடுகளில். பலருக்குத் தோணி புதிது. சிலருக்கு நீச்சலே சரிவர வாராது. தேம்ஸ் நதியில் நடத்திய ஒத்திகை படுதோல்வியாய் முடிந்தது. சில வாரங்களின் பின் அவர்களையே மெய்யான களத்துக்கு அனுப்பினர்.

விண்ணப்பித்தவர்களில் ஒருவரை நாம் கூர்ந்து நோக்குவோம். பில் ஸ்பார்க்ஸ் என்பது அவர் பெயர். லண்டன் தொழிலாளர் குடியிற் பிறந்து, சப்பாத்துத் திருத்தும் தொழில் பழகி, 1939இல் மரீன் படையிற் சேர்ந்தவர். 1942 மார்ச்சில் 'நையாட்' என்னும் போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்டபோது அதிலிருந்த அவர் தமையனும் மாண்டார். அத்துயரே அவரை விண்ணப்பிக்கத் தூண்டியது. குடும்பப் பிணைப்பற்றவன் தேவை என்றது அறிவித்தல். குடும்பப் பிணைப்பின் காரணமாகவே வந்து நின்றான் இத்தொழிலாளி. விடுதி வீட்டுக்காரியின் மகள்மீது காதல் கொண்ட மற்றொரு வீரர், தாம் திரும்பாவிடிற் கொடுக்கும்படி அவளுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துச் சென்றார். காகிதத்தில் எழுதிய தகுதிக்கும் மனிதனுக்கும் உள்ள தூரம் இவ்வளவு.

செல்லுமிடம் பிரான்சின் போர்டோ துறைமுகம் என்பது நீர்மூழ்கிக் கப்பல் 'டூனா' புறப்பட்ட பின்னரே அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. யப்பானியர் கைப்பற்றியிருந்த தென்கிழக்காசியாவிலிருந்து றப்பரும் பிற மூலப்பொருள்களும் ஜேர்மானியக் கப்பல்களில் முற்றுகையைக் கடந்து அங்கு வந்திறங்கின. மலாயாத் தோட்டங்களிற் பால்வெட்டிய கைகளிற் பெரும்பாலானவை தமிழ்த் தொழிலாளரின் கைகள் என்பதை நாம் அறிவோம். வெள்ளைத் துரைமாருக்காக வெட்டிய அதே மரங்களைப் பின்னர் யப்பானியருக்காக வெட்டியவர்கள் அவர்கள். சயாம் மரண இரயிற்பாதைக்கு ஆயிரக்கணக்கில் இழுத்துச் செல்லப்பட்டவர்களும் அவர்களே. அவர்களிடம் எவரும் விண்ணப்பம் கோரவில்லை.

1942 டிசம்பர் 7ஆந் திகதி இரவு ஜிரோந்த் நதி முகத்துக்கு வெளியே ஆறு தோணிகள் இறக்கப்படவிருந்தன. ஒன்று கப்பலின் வாயிலிலேயே கிழிந்தது. ஐந்து தோணிகளிற் பத்துப் பேர் சென்றனர். நீரோட்டங்கள் மோதும் இடத்தில் அலை சுவர்போல் எழுந்து வர, முதலிரவிலேயே ஒரு தோணி கூட்டத்தைப் பிரிந்தது, இன்னொன்று கவிழ்ந்தது. கவிழ்ந்ததில் இருந்த இருவரையும் கரைக்கு அண்மைவரை இழுத்துச் சென்று, குளிர்நீரிலே விட்டுப் போகவேண்டியதாயிற்று. இருவரும் மாண்டனர். பின்னர் மூன்றாவது தோணியும் பிரிந்தது. எஞ்சிய இரண்டும் இரவில் வலித்தும் பகலில் நாணலுக்குள் மறைந்தும் ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் ஆறேறின. 11ஆந் திகதி இரவு, காந்தத்தால் ஒட்டும் பதினாறு வெடிகளைக் கப்பல்களின் பக்கங்களிற் பொருத்திவிட்டு நால்வரும் இருளில் மறைந்தனர். மறுநாட் காலை வெடிகள் வெடித்தன. ஐந்து கப்பல்கள் சேதமுற்றன. ஆழங்குறைந்த நீரானபடியால் அவை விரைவிலேயே திருத்தப்பட்டன.

இதில் வேதனை தருவது மற்றொன்று. அதே கப்பல்களைத் தகர்ப்பதற்குப் பிரித்தானியாவின் இன்னோர் இரகசிய இலாகா, பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தாரோடு சேர்ந்து போர்டோ நகரிலேயே ஆயத்தம் செய்துகொண்டிருந்தது. ஓர் இலாகா செய்வதை மற்றது அறியாது. இலாகாக்களின் இரகசியப் பொறாமைக்கு விலை கொடுத்தவர்கள் சப்பாத்துத் தொழிலாளியின் பிள்ளைகளே.

கைப்பற்றப்படும் இத்தகைய படையினரைச் சிறைப்படுத்தாது கொல்லும்படி 1942 அக்டோபர் 18ஆந் திகதி ஹிட்லர் கட்டளை பிறப்பித்திருந்தான். முதலிரவில் பிரிந்த தோணியினர் இருவரும், கப்பல்களில் வெடிகள் வெடிக்கும் முன்பே, 11ஆந் திகதி போர்டோ அருகே சுட்டுக்கொல்லப்பட்டனர். வேறு நால்வர் தப்பி நடந்துவரும் வழியிற் பிடிபட்டு 1943இற் கொல்லப்பட்டனர். அனைவரும் சீருடை அணிந்தவர்கள். சீருடை அணிந்த படைவீரரைச் சுடுவது சர்வதேசச் சட்டத்துக்குப் புதியதொன்று என ஜேர்மானியக் கடற்படையின் நாட்குறிப்பே எழுதி வைத்தது. நூரம்பேர்க் விசாரணையில் இது சாட்சியமாயிற்று. பாசிசத்தின் முகம் இது. அதனை எதிர்த்துச் சென்றவர்களின் துணிவில் நாம் ஐயங்கொள்ளவில்லை. அத்துணிவை எவர் எதற்குப் பயன்படுத்தினர் என்பதே நம் வினா.

தப்பியவர்கள் ஹாஸ்லரும் ஸ்பார்க்சும் மட்டுமே. நூறு மைல் வரை நடந்து ருஃபெக் என்னும் சிற்றூரை அடைந்தனர். வழியிலும் அதன் பின்னரும் அவர்களுக்குச் சோறும் கூரையும் அளித்தவர்கள் பிரெஞ்சுக் குடியானவர்கள். பிடிபட்டால் தம் குடும்பம் முழுவதும் அழியும் என்று தெரிந்தே அவர்கள் கதவு திறந்தனர். குடும்பப் பிணைப்பு மிகுந்த அம்மக்கள் எந்த அறிவித்தலையும் பார்த்து விண்ணப்பித்தவர் அல்லர். பைரனீஸ் மலையைக் கடந்து ஸ்பெயின் வழியாக ஜிப்ரால்டரை அடைந்த இருவரில், அதிகாரி விமானத்தில் ஊர் திரும்பினார். சிப்பாய் கப்பலில் வந்து சேர்ந்தார்.

ஹாஸ்லருக்கும் ஸ்பார்க்சுக்கும் பதக்கம் கிடைத்தது, தத்தம் பதவித்தரத்துக்கு ஏற்றபடி. அவர்களோடு கடைசிவரை சென்று வெடி பொருத்திய மற்றைய இருவருக்கும் அது கிடைக்கவில்லை. உயிரோடிருந்தாலன்றி அப்பதக்கத்தை வழங்க விதி இடந்தரவில்லையாம். அறிக்கையிற் பெயர் குறிக்கப்பட்டதோடு அவர்களின் கணக்கு முடிந்தது.

இக்கதை நம் கரைக்கும் வந்தது. அக்காலம் கூட்டு நடவடிக்கைகளின் தலைவராயிருந்த மௌன்ற்பேட்டன், தென்கிழக்காசியப் படைத்தலைவராகி, 1944 ஏப்ரலிற் கண்டிக்குத் தம் தலைமையகத்தை மாற்றினார். அவ்வாண்டு ஜூனில், தோணிப் படைகளையும் நீச்சற் படைகளையும் ஒருங்கிணைத்த குழுவொன்று, காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையிலுள்ள கடற்கோட்டையின் பெயரைத் தாங்கிய ஹம்மன்ஹீல் முகாமில் அமைக்கப்பட்டது. ஹாஸ்லர் அதன் உபதலைவர். போர்த்துக்கேயர் எழுப்பி, ஒல்லாந்தர் கைப்பற்றி, ஆங்கிலேயர் ஆண்ட அக்கோட்டையின் அருகிலிருந்து, அரக்கான் கரைக்கும் ஐராவதி நதிக்கும் தோணிகள் அனுப்பப்பட்டன. யப்பானியரைத் துரத்துவது நோக்கம். துரத்திய பின் பர்மாவிலும் மலாயாவிலும் மீண்டும் எவர் கொடி பறக்கவேண்டும் என்பதில் லண்டனுக்கு ஐயமிருக்கவில்லை.

போர் முடிந்தபின் ஸ்பார்க்ஸ் லண்டனில் பஸ் சாரதியானார். 1950களின் முற்பகுதியில் அவர் மலாயாவுக்குச் சென்றார். இம்முறை அவசரகாலச் சட்டத்தின் கீழ்க் கெரில்லாக்களை அடக்கும் பொலிஸ் அதிகாரியாக. பாசிசத்துக்கு எதிராகத் தோணி வலித்த அதே தொழிலாளி, றப்பர்த் தோட்டங்களைத் துரைமாருக்குக் காத்துக் கொடுக்கும் வேலைக்குப் போனது எங்ஙனம்? அவரை மட்டும் குறைகூற நம் மனம் ஒப்பவில்லை. தன் வர்க்கத்தின் பகைவன் எவன் என்று சொல்லிக் கொடுக்க அவருக்கு எந்தப் பள்ளிக்கூடமும் இருக்கவில்லை. துணிவைப் பழக்கிய பள்ளிக்கூடம் மட்டுமே இருந்தது. ஓராண்டின் பின் அவர் பஸ் வேலைக்கே திரும்பினார்.

1955இல் இத்தாக்குதல் திரைப்படமாயிற்று. படத்தின் பெயரே ஹாஸ்லருக்குப் பிடிக்கவில்லை. அவர் பின்னாளில் தனியே பாய்க்கப்பலில் அத்திலாந்திக்கைக் கடக்கும் போட்டியைத் தொடங்கி, 1960இல் தாமும் கடந்து, 1987இற் காலமானார். அதற்கு அடுத்த ஆண்டு ஸ்பார்க்ஸ், அரசு தந்துவந்த உதவிப்பணம் குறைக்கப்பட்டமையாற் செலவைச் சமாளிக்க முடியாது, தம் பதக்கங்களை லண்டன் ஏலக்கடையொன்றில் விற்றார். பத்துப் பேரிற் கடைசியாக உயிரோடிருந்த அவர் 2002ஆம் ஆண்டு இறந்தார்.