தகடு கழன்ற மைக்

போன மாதம் நண்பர் ஒருவரின் மகன் பழைய மைக் ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவருடைய அப்பா திருத்தணியில் நெடுங்காலம் மைக்செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, பொதுக்கூட்டம், ஆடிக் கிருத்திகை என்று எல்லாவற்றுக்கும் அவர் கட்டிய குழாய்தான் பாடும். அவர் காலமான பிறகு பரணிலிருந்து இறக்கிய சாமான்களில் இதுவும் ஒன்று.

"சார், வடக்கெல்லைப் போராட்டத்துல ம.பொ.சி. இந்த மைக்குலதான் பேசினார்னு அப்பா சொல்லிக்கிட்டே இருப்பார். ஸ்கூல்ல கண்காட்சி வைக்கிறாங்க, குடுத்துடலாம்னு இருக்கேன். நீங்க ஒரு தடவை பார்த்து, பக்கத்துல வைக்க ஒரு அட்டை எழுதிக் குடுங்க" என்றார்.

தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் வந்திருக்கிறார். சரி என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

இளையவர்களுக்காகச் சில வரிகள். 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து திருத்தணியும் அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகமும், மங்கலங்கிழார், விநாயகம் போன்ற இப்பகுதித் தலைவர்களும் அதை எதிர்த்துப் போராடினார்கள். பிறகு படாஸ்கர் நடுவராக வந்தார். கிராமத்தை அலகாகக் கொண்டு, அங்கே எந்த மொழி பேசுகிறவர்கள் அதிகம், அந்த நிலம் எந்த மாநிலத்தோடு தொடர்ச்சியாக இருக்கிறது என்று பார்த்தே எல்லை பிரிக்கப்பட்டது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. ஆகவே நண்பர் சொன்னது உண்மையானால் இந்த மைக் 1960-க்கு முந்தியதாக இருக்க வேண்டும்.

மைக்கில் பெயர் இல்லை, எண்ணும் இல்லை. முகப்பில் இரண்டு சிறு துளைகள் மட்டும் இருந்தன. ஒரு காலத்தில் அங்கே தகடு இருந்து கழன்றிருக்கிறது. அந்தத் தகடு கிடைத்திருந்தாலும் முழுவதும் நம்ப முடியாது. காந்தி, நேரு பேசும் பழைய படங்களில் மைக்கின் முன்னால் 'சிகாகோ ரேடியோ' என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். அது கூட்டத்துக்கு ஒலிபெருக்கி அமைத்த பம்பாய் நிறுவனத்தின் பெயர். நம் ஊர் மைக்செட்காரர்களும் அப்படித்தான் தங்கள் பெயரை மாட்டிக்கொள்வார்கள்.

அடுத்து, ஸ்டாண்டில் திருகும் மரையைப் பார்த்தேன். ஐந்தே கால் அரைக்கால் என்று சொல்ல ஏதுமில்லை. அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு, அமெரிக்க அளவு. பழைய பிரிட்டிஷ் மைக்குகளில் பெரும்பாலும் எட்டில் மூன்று பங்குதான் இருக்கும். ஆனால் நம் நாட்டுக் கம்பெனிகளும் அமெரிக்க அளவையே எடுத்துக்கொண்டதால் மரையை வைத்து வருஷம் சொல்ல முடியாது.

பிறகு ஒரு தையல் ஊசியை வலைக்கு அருகில் கொண்டுபோனேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. உள்ளே காந்தம் இருக்கிறது. பழைய தொலைபேசியில் இருக்கும் கரித்துகள் மைக்குக்கும், படிக மைக்குக்கும் காந்தம் கிடையாது. காந்தம் இருந்தால் அது ரிப்பன் வகை அல்லது கம்பிச்சுருள் வகை. ரிப்பன் என்பது முடியைவிட மெல்லிய அலுமினியத் தாள். ஊதினாலே கிழியும், மீட்டர் வைப்பதும் ஆபத்து. அதனால் முதலில் வலையைக் கழற்றிப் பார்த்தேன். ரிப்பன் இல்லை. மீட்டரின் முனையைத் தொட்டதும் மைக்கே 'டிக்' என்று மெல்லக் குரல் கொடுத்தது. சந்தேகமில்லை, கம்பிச்சுருள்தான்.

கம்பிச்சுருள் மைக் அமெரிக்காவில் 1931-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஷூர் கம்பெனியின் புகழ்பெற்ற விலா எலும்பு போன்ற மைக் 1939-இல் வந்தது. டெல்லி அஹூஜா கம்பெனி தொடங்கியது 1940-இல். அப்படியானால் 1950-களில் இது திருத்தணி மேடையில் இருந்திருக்கலாம். எனக்கும் உள்ளூர ஆசைதான். உடனே அட்டையை எழுதிவிடத் தோன்றியது.

ஆனால் இன்னொரு தரம் உற்றுப் பார்த்தபோது கணக்கு இடித்தது. உள்ளே இருந்த வில்லை கூட்டுக்குப் பொருந்தவில்லை. அதற்காக வார்க்கப்பட்ட ரப்பர் வளையம் பெரியது. நடுவே விட்ட இடைவெளியில் சைக்கிள் டியூபை நறுக்கி அடைத்திருந்தார்கள். கூட்டின் ஓரத்தில் இற்றுப்போன பழைய ரப்பர் ஒயரின் மிச்சம், வில்லையில் பளபளப்பான பிளாஸ்டிக் ஒயர். வளையத்தின் அடியில் உப்புப் பூத்ததுபோல வெள்ளைப் பொடி.

அந்த உப்பு எனக்குப் பழக்கமானது. படிக மைக்கில் இருப்பது ரோஷெல் உப்பு. நம் புளியில் உள்ள டார்ட்டாரிக் அமிலத்திலிருந்து வரும் உப்புதான். அழுத்தினால் மின்சாரம் தரும். விலை மலிவு, சத்தமும் நன்றாக வரும். ஆனால் ஈரம் பட்டால் கரையும், சூடு 55 டிகிரியைத் தாண்டினால் செத்துவிடும். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் ஒரு மத்தியானம் கிடந்தால் போதும்.

நண்பரிடம் சிறு வயதில் ஒயர் இழுத்த பெரியவர் ஒருவர் இன்னும் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். போய்க் கேட்டேன்.

"ஆமா தம்பி. கிருத்திகைக்குக் காவடி ஏறிக்கிட்டு இருக்குது, காணாமப் போன புள்ளைங்க பேரைத் தமிழ்லயும் தெலுங்குலயும் சொல்லிக்கிட்டே இருக்கிறோம், திடீர்னு மைக் ஊமையாயிடுச்சு. வண்டியில வெயில்ல கெடந்தது. அப்புறம் மெட்ராஸ்ல போய் வேற வில்லை வாங்கியாந்து அவரே அடைச்சார். நம்ம ஊரு செங்கல்பட்டு ஜில்லாவுல சேர்ந்தப்புறம் அது."

"ம.பொ.சி. கூட்டத்துக்கு இதுவா கட்டினீங்க?"

"அப்ப ரெண்டு மைக் இருந்துச்சு. எதுன்னு எப்படிச் சொல்றது? குழாயைப் பார்ப்பமா, மைக்கைப் பார்ப்பமா?"

நண்பர் மகனிடம் இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் முகம் வாடித்தான் போயிற்று. "அப்போ அப்பா சொன்னது பொய்யா சார்?" என்றார்.

"பொய்யில்லை. கூடு அந்தக் காலத்துது. ரெண்டுல ஒண்ணு இதுதான். குரலைப் பிடிச்ச உப்புதான் கரைஞ்சுபோச்சு. அதுக்கப்புறமும் இதைப் பேச வெச்சது உங்க அப்பா கை" என்றேன்.

கிராமம் கிராமமாக ஆதாரம் பார்த்து எல்லை பிரிக்கப்பட்ட ஊர் இது. அந்த ஊரின் பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னால், தெரிந்ததற்கு மேல் ஒரு வார்த்தை எழுத எனக்கு மனம் வரவில்லை. அட்டையில் இப்படி எழுதிக் கொடுத்தேன்:

'படிக வகை மைக்கின் கூடு. திருத்தணி ஆந்திராவில் இருந்த காலத்தில் இவ்வூர்ப் பொதுக்கூட்டங்களில் பயன்பட்ட இரண்டு மைக்குகளில் ஒன்று. உள்ளிருக்கும் கம்பிச்சுருள் வில்லை 1960-க்குப் பிறகு உரிமையாளர் தம் கையால் பொருத்தியது.'

அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "அப்பா பேரை மட்டும் கீழே சேர்த்துக்கலாமா சார்?" என்று கேட்டார்.

அதற்கு என்ன தடை? முகப்பில் தகடு இருந்த இடத்துக்கு நேர் கீழே அந்தப் பெயர் வருகிற மாதிரி அட்டையை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.